திரைக்குப் பின்னால் அலபாமா

எஸ்.எஸ்.எல்.சி.யில் வரலாறு என்னை இரண்டு முறை கவிழ்த்தது. மூன்றாம் முறை பரீட்சைக்கே நான் போகவில்லை. நமக்கும் ஒரு மானம் இருக்கிறதல்லவா. ஆனால் அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் சரித்திரத்தைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எழுபதுகளின் கடைசியில் எழுமலை வட்டாரத்துக்காரர்கள் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான். அதில் பாதி புளுகு.

அப்போது ஆரப்பாளையத்தில் ஒரு மைக் செட் கடையில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சாவு, தேர்தல் எதுவானாலும் எங்கள் கடைக் குழாய்தான் கத்தும். குழாய்க்குள் கத்துவது நான். சித்திரைத் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளையின் அப்பனைக் கூப்பிடச் சொன்னால், "பிள்ள தெளிவாத்தான் இருக்கு, அப்பனத்தான் காணோம்" என்று சேர்த்துவிடுவேன். முதலாளி திட்டுவார். கூட்டம் சிரிக்கும். எனக்குக் கூட்டம் சிரித்தால் போதும்.

இந்த வாயைத் தேடித்தான் படம் காட்டும் ஆபரேட்டர் ஒருவர் கடைக்கு வந்தார். ஊர் ஊராக மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், மந்தையில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டி, சனங்களுக்குப் புத்தி சொல்லும் படங்களை ஓட்டுவது அவர் வேலை. சர்க்கார் வேலைதான், ஆனால் எட்டு வருடமாக டெம்பரவரி. பேச்சுக்குப் பேச்சு அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

"குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் தமிழ் பேசுது. கொசுப் படம் தமிழ் பேசுது. அமெரிக்காக்காரன் குடுத்த இந்த அலபாமாப் படம் மட்டும் இங்கிலீஷ் பேசுது மாப்ள. சனம் வேட்டியத் தட்டிட்டு எந்திரிச்சுப் போயிருது. நீ வந்து பேசு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதேண்ணே."

"அவங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

கதையை ஆபீஸில் யாரோ ஒரு அதிகாரி அவருக்குச் சொல்லியிருந்தார். அதை அவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எனக்குச் சொன்னார். மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

படத்தில் முதலில் காடும் ஆறும் வரும். பருத்தி போட மண் வேண்டும் என்று, அங்கேயே இருந்த பூர்வீகச் சனத்தை மூட்டை முடிச்சோடு மேற்கே துரத்தினார்கள். "அணை கட்டையில நம்மாளுகளைக் கிளப்பி விட்டாய்ங்கள்ல, அது மாதிரி" என்பேன். கூட்டம் உச்சுக்கொட்டும். அடுத்தது பருத்தி. அதைப் பறிக்க ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து சங்கிலி போட்டு, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பார்த்து விற்றார்கள். அதை வைத்து வடக்கத்திக்காரனுக்கும் தெற்கத்திக்காரனுக்கும் சண்டை. தெற்கத்திக்காரன் தனி நாடு என்று கிளம்பி, முதல் தலைநகரை அலபாமாவில்தான் வைத்தான். தோற்றான். ஆள் விற்பது நின்றது.

அப்புறம் வரும் வண்டு. பருத்திக் காய்க்குள் புகுந்து தின்கிற வண்டு வந்து, காட்டையே மொட்டையடித்துவிட்டது. சனம் நிலக்கடலைக்கு மாறியது. கடலை அமோகமாக விளைந்ததும், எல்லாம் இந்த வண்டால் வந்த வாழ்வு என்று ஒரு ஊரில் நடுத்தெருவில் சிலையே வைத்துவிட்டார்கள். ஒரு பெண் இரண்டு கையாலும் வண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பாள். அந்த இடத்தில் நான் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. எந்த ஊராக இருந்தாலும் ஒரு குரல் தானாக எழும்பும்: "நம்ம ஊருல காய்ப்புழுவுக்குச் செல வைக்கணும்னா தெருவுக்கு ஒண்ணு வைக்கணும்டா!"

வண்டுக்கு அடுத்து பஸ். கடைசியில் நிலாவுக்குப் போகிற ராக்கெட். பஸ்ஸுக்கு மட்டும் ஆபரேட்டர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்.

"பஸ் வர்ற எடத்துல உள்ளத உள்ளபடி சொல்லிராத."

"என்ன இருக்கு அதுல?"

சொன்னார்.

"இத நம்ம மேக்கத்தி ஊருகள்ல மைக்குல சொன்னா, மெஷின யாரு முழுசாத் தூக்கிட்டு வர்றது? நான் டெம்பரவரி."

ஆகவே பஸ் வரும்போது நான் இப்படிப் பேசுவேன்: "அலபாமாவில் பஸ் வசதிக்குக் குறைச்சலே இல்லை. பாருங்கள், பஸ் காலியாகவே போகிறது. ஏன்? நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லியிருப்பதால், பெரியவர்கள், தாய்மார்கள் எல்லாரும் கூட்டம் கூட்டமாக நடந்தே வேலைக்குப் போகிறார்கள்." திரையில் கறுப்புப் பெண்கள் கைப்பையோடு சாரைசாரையாக நடந்துபோவார்கள். முன்னால் இருக்கிற கூட்டம், "அதேன் கல்லு மாதிரி இருக்காளுக" என்று மெச்சும். பத்துப் பதினைந்து ஊரில் இது நன்றாகவே ஓடியது.

முன்னால் இருக்கிற கூட்டம் என்றேன். பின்னாலும் ஒரு கூட்டம் உண்டு. மந்தை நடுவில் திரையை நட்டால், ஊர்ச்சனம் மெஷின் பக்கம் உட்காரும். காலனிச் சனம் திரைக்கு மறுபக்கம் உட்காரும். யாரும் யாரையும் போகச் சொல்வதில்லை. கம்பு நட்ட உடனே தானாகப் பிரிந்துகொள்வார்கள். துணியில் விழுகிற படம் மறுபக்கமும் தெரியும், ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் சோறு தின்பான். முந்தானை வலது தோளில் தொங்கும். எழுத்து ஓடினால், கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி ஓடும். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே படம் பார்த்தவர்களுக்கு உலகமே இடதுகைக்காரர்களால் ஆனது. இதையும் மைக்கில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். முன்னால்தான் சிரிப்பார்கள்.

அந்த மாசி மாதம் என் தாய்மாமன் ஊருக்குப் படம் போட வேண்டியிருந்தது. எழுமலைக்கு மேற்கே கரிசல் காட்டு ஊர். மாமாவுக்கு அங்கே பெரிய வீடு, பெரிய காடு, பெரிய மீசை. மத்தியானம் கம்பு நடக் காலனியிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார். மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர். மாமா அவரை "வாடா, போடா" என்பார். எனக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று புரியவில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்று முறையே வைக்காமல் ஓட்டினேன்.

குழி தோண்டிக்கொண்டே அவர் பேசினார். மாமாவின் காட்டில் ஒரு துண்டை வாரத்துக்கு உழுகிறார். விளைவதில் பாதி மாமாவுக்கு, பாதி அவருக்கு. போன இரண்டு வருடமும் மழை ஏமாற்றிவிட்டது. இந்த வருடம் பருத்தி நன்றாக வந்திருக்கிறது.

"காய் வெடிச்சுக் காடே வெள்ளையா நிக்குது தம்பி. நாளன்னைக்கு மொத எடுப்பு. அது வீடு வந்து சேந்துட்டா, இந்த வருசம் பொழச்சோம்."

"வீட்ல யாரு யாரு?"

"நானும் மகளும்தேன். மருதையில வாத்தியார் ட்ரெயினிங் படிக்கிது. லீவுக்கு வந்துருக்கு. ராத்திரி படம் பாக்க வரும்." சொல்லும்போது கடப்பாரையை நிறுத்தி நிமிர்ந்துகொண்டார்.

இருட்டியதும் படம் ஓடியது. கொசுவுக்குக் கொட்டாவி, வண்டுக்குக் கைதட்டல், எல்லாம் வழக்கம்போல. பஸ் வந்தது. நானும் உடம்புக்கு நல்லது என்று ஆரம்பித்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணே, அவங்க ஒண்ணும் ஒடம்புக்கு நடக்கல."

மேடையில் யாராவது குறுக்கே பேசினால் எனக்குக் கொண்டாட்டம். ஆரப்பாளையத்துப் பழக்கம். யோசிக்காமல் வாய் தானாகப் போனது.

"ஆகா, பின்னாடி ஒரு டீச்சரம்மா இருக்காங்க போல! அங்க இருந்து சொன்னா எப்பூடி? முன்னாடி வந்து சொல்லுங்க, எல்லாரும் கேப்போம்!"

எந்தத் திருவிழாவிலும் சொல்லுகிற வார்த்தைதான். மதுரையில் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. அந்த மந்தையில் அதற்கு அர்த்தம் இருந்தது. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் கம்பைச் சுற்றி அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

பாவாடை தாவணியில், ஒல்லியாக, என் வயதோ ஒன்றிரண்டு கம்மியோ இருக்கும். மெஷின் வெளிச்சம் குறுக்கே விழ, அவள் நிழல் அலபாமா பஸ்மேல் பெரிதாக ஏறி நின்றது. முதல் வேலையாகத் திரும்பித் திரையைப் பார்த்தாள். அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அது நேராக ஓடுவதை நின்று படித்தாள். பிறகு மைக்குக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். பேசுகிறவர்கள் கேட்டால் மைக்கைக் கொடுப்பதுதான் என் தொழில்.

"அந்த ஊருல கறுப்புச் சனத்துல ஒரு அம்மா தையல் வேலைக்குப் போயிட்டு பஸ்ல வந்தாங்க. வெள்ளைக்காரருக்கு எடம் வேணும், எந்திரின்னாங்க. எந்திரிக்கல. போலீஸு புடிச்சிருச்சு. அதுக்காக அந்த ஊருக் கறுப்புச் சனம் பூராம், நாங்க உங்க பஸ்ல ஏறலன்னு நடந்துச்சு. மழையில வெயில்ல, ஒரு வருசத்துக்கு மேல நடந்துச்சு. கடைசில கோர்ட்டு, யாரு வேணா எங்க வேணா உக்காரலாம்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறந்தான் ஏறுனாங்க."

அவ்வளவுதான். மைக்கை என் கையில் வைத்துவிட்டு, வந்த வழியே கம்பைச் சுற்றிப் போய்விட்டாள். மெஷின் மட்டும் டரடரவென்று ஓடியது. அப்புறம் ராக்கெட் வந்தது. நிலாவுக்குப் போனதை நான் சொல்லவே இல்லை. அது தானாகப் போய்ச் சேர்ந்தது.

"ஏண்ணே நீங்க மெஷின நிப்பாட்டல?" என்று துணியை மடிக்கும்போது கேட்டேன்.

"நடுவுல நிப்பாட்டுனா பல்பு சூட்டுல ரீலு கருகிரும்ல" என்றார். எட்டு வருடம் ஓட்டியவர் துணியின் மறுமுனையை என் கையில் திணித்தார்.

மாமா வீட்டில் சோறு போட்டார்கள். மாமா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் நிதானமாக எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. டவுன்காரன். கோமாளிப் பய."

"மாமா, அது சும்மா ஒரு..."

"அவ அப்பன் நாளைல இருந்து நம்ம காட்டுல காலு வைக்க வேணாம். சொல்லி விட்டாச்சு."

"அவரு பருத்தி?"

"பருத்தி என் மண்ணுலதான நிக்குது? ஓடியா போகப்போகுது?"

அத்தை என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஆபரேட்டர் மறுநாள் பக்கத்து ஊருக்குப் போனார். ஆம்ப்ளிஃபயர் வால்வு ஒன்று போய்விட்டது என்று ஒரு புளுகைச் சொல்லி நான் தங்கிவிட்டேன். காலையில் மாமாவின் சொந்தப் பருத்திக்கு ஆள் வர வேண்டும். காலனிப் பெண்கள்தான் வழக்கமாக எடுப்பார்கள். வரவில்லை. யாரும் கூட்டம் போடவில்லை. யாரும் வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. காட்டை ஒட்டிய வண்டிப்பாதையில் பெண்கள் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிசையாகத் தெற்கே போனார்கள். அங்கே பருத்திக்கு ஆள் தேடுகிற வேறு ஊர் இருந்தது. போக வர அரை நாள்.

நான் வரப்பில் நின்று, "இம்புட்டுத் தூரம் எதுக்கு நடக்குறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

முன்னால் போன ஒரு நடுவயதுப் பெண் நிற்காமலே திரும்பினாள். "ஒடம்புக்கு நல்லதாம்ல தம்பி. நீங்கதான மைக்குல சொன்னீக?"

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. எத்தனையோ பேரை மைக்கில் கிண்டலடித்தவன் நான். அன்றைக்கு வரப்பில் ஒதுங்கி வழிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேற்கு மலைப்பக்கம் மேகம் திரண்டது. மாசியில் வரக்கூடாத மேகம். வெடித்த பஞ்சு ஒரு மழையில் நனைந்தால் கறுத்துப்போகும், சந்தையில் யாரும் சீந்தமாட்டார்கள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். உடம்புக்கு நல்லது என்று சொல்ல எனக்கு நாக்கு நமநமத்தது. அடக்கிக்கொண்டேன்.

"நீ போயிச் சொல்லு மாப்ள. அந்தப் புள்ள மந்தைக்கு வந்து, தெரியாமப் பேசிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். பழையபடி எல்லாரும் வேலையப் பாக்கலாம்."

போனேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வெற்றுச் சாக்குகளை உதறி உதறி அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். வந்த விசயத்தைச் சொன்னேன்.

"என்ன தெரியாமப் பேசுனேன்?" என்றாள். "அது நடந்ததா இல்லையா? முன்னாடி வாங்கன்னு நீங்கதானண்ணே கூப்புட்டீக. வந்தேன். ஒங்க மாமாகிட்ட அதச் சொன்னீகளா?"

"சொல்ல வாயெடுத்தேன். என்னையக் கோமாளின்னுட்டாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பனுக்கு வரவில்லை.

"ஆத்தா, ரெண்டு நிமிசம் போயிச் சொல்லிட்டு வந்துரு. வாய்தான. பஞ்சு வீட்டுக்கு வரணும் எனக்கு. அம்புட்டுத்தேன்."

"அய்யா, நான் சொல்லிட்டு நாளைக்கு மருதைக்குப் போயிருவேன். நீங்க இங்கிட்டு இருக்கணும். அடுத்த தடவ இன்னொண்ணு சொல்லச் சொல்லுவாக."

"அடுத்த தடவைய அடுத்த தடவ பாப்போம்டீ!" என்று கத்தினார். கையிலிருந்த சாக்கை வீசினார். அது என் காலடியில் விழுந்தது. பிறகு அவரே எழுந்துவந்து எடுத்து, மடித்து, அடுக்கில் வைத்தார். "போயிச் சொல்லுங்க தம்பி. அது வராது. நான் அதக் கையப் புடிச்சு இழுத்துட்டும் வர மாட்டேன்."

மாமாவிடம் சொன்னேன். அவர் வெளியே போய் மேகத்தைப் பார்த்தார். அலபாமாவில் கோர்ட் சொன்னது. எங்கள் ஊரில் மேகம் சொன்னது. பொழுது சாயும்முன் மாமா ஆள் அனுப்பினார்: அவன் வெள்ளாமையை அவன் எடுத்துக்கொள்ளட்டும், பாதி பாதிதான், வழக்கம்போல. ஆனால் கடைசி எடுப்போடு காட்டை விட்டுவிட வேண்டும். அடுத்த வருசத்துக்கு வேறு ஆள்.

அவர் சரி என்றார். மறுநாள் விடியும்போது பெண்கள் இரண்டு காட்டிலும் இறங்கியிருந்தார்கள். அவளும் மதுரைப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பனோடு எடுத்தாள். எல்லாரும் ஏட்டிக்குப் போட்டியாக எடுத்தார்கள். மேகம் நாலு தூறல் போட்டுவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டது. அதற்கென்ன, யாரிடமும் சம்பளமா வாங்குகிறது.

பஞ்சு வீடு வந்தது. காடு போனது.

சித்திரையில் மாமன் ஊர்ப்பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் குழாய் கட்டிவிட்டு, காலை பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பினேன். அதே பஸ்ஸில் அவரும் மகளும் ஏறினார்கள். அவள் படிப்புக்குப் போகிறாள். அவர் மதுரைக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறார். எழுமலையில் கூட்டம் இறங்கி, பஸ் பாதி காலி. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காண்பித்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முன் சீட்டுகளில் இருந்தார்கள்.

"உக்காருங்க" என்றேன் நானும்.

"இருக்கட்டும் தம்பி."

கொஞ்ச தூரம் போனது. அவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"அந்த ஊர்ல கடைசில சனம் பஸ்ல ஏறுச்சா தம்பி? இது சொல்லுச்சு. படத்துலயும் அப்படித்தான் இருக்கா?"

"ஏறுனாங்க. படத்துல இருக்கு."

"எங்கிட்டு உக்காந்தாங்க?"

"முன்னாடி."

அதை வாய்க்குள் வைத்துக் கொஞ்சநேரம் மென்றார். "வருசம் பூராம் நடந்தவங்க. காலு கடுத்துருக்கும்ல, பாவம்" என்றார்.

உசிலம்பட்டி வந்தது. ஊர்க்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கிக் கதவு அடைபடும் வரை அவர் கம்பியை விடவில்லை. பஸ் கிளம்பியது. அவள் மறுபடி கூப்பிடவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை முன்னால் பார்த்தார், ஒருமுறை பின்னால் பார்த்தார். பிறகு, சீட்டு சூடாக இருக்குமோ என்பதுபோல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மகள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.